அளவைப் படம் உறுதியாகாது: திருகோணமலைக் கடற்பள்ளத்தாக்கும் நமது கடமையும்

(திருகோணமலையில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் உத்தியோகத்தரும் திரண்டிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய பேச்சின் முழு வடிவம்.)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். காணியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் மேடையேறிப் பேசிப் பழகிய ஒரு சட்டத்தரணி, கடலடியிற் கிடக்கும் ஒரு பள்ளத்தைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் யாது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்ல விரும்புகின்றேன்.

நமது வாசற்படியிலே தொடங்கும் ஒரு கடற்பகுதியை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அதன் எல்லையைப் படத்திற் குறித்து, சிறப்பு முக்கியத்துவம் வாய்ந்த கடலென்று உலக நாடுகளின் ஏட்டிலே பதிவு செய்திருக்கின்றனர். இது நிகழ்ந்து பத்தாண்டளவாகின்றது. அந்தக் கடலிலே வலை வீசும் மக்களில் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும்? அந்தக் கடலிற் போய்ச் சேரும் ஆற்று நீரால் வயல் விளைவிக்கும் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமது பொருளைப் பற்றிய பத்திரம் ஒன்று நாம் அறியாமலே எழுதப்பட்டிருக்குமாயின், அதனை எடுத்து வாசித்துப் பொருள் சொல்லுவது சட்டத்தரணியின் தொழில். ஆதலாலேதான் இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு

கொட்டியாரக் குடாவை அறியாதார் இங்கு இலர். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடி வந்து கடலோடு கலக்கும் இடம் அது. உலகத்து மாலுமிகளெல்லாம் திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் புகழ்வார்கள். அந்த ஆழத்துக்குக் காரணம் என்ன? குடாவுக்குள்ளேயே ஒரு பள்ளத்தாக்கின் தலை கிடக்கின்றது. அங்கிருந்து அது வெளிக்கடலை நோக்கி வெட்டுண்டு இறங்கி, 3,000 மீற்றருக்கும் கூடிய ஆழத்திலுள்ள வங்கக்கடலின் அடித்தளம் வரை செல்லுகின்றது. நமது தீவின் மிக உயர்ந்த மலையாகிய பேதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. அம்மலையைத் தூக்கி அப்பள்ளத்தாக்கின் ஆழ்ந்த பகுதியிலே வைத்தால், அது நீருக்குள்ளே முற்றாக மறைந்துவிடும்.

பள்ளம் ஆழமாயிருந்தால் நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். கமக்காரருக்கு விளங்கும் மொழியிலேயே சொல்லுகின்றேன். கடலின் மேற்பரப்பிலே வெயில் உண்டு, பசளை குறைவு. ஆழத்திலே பசளை உண்டு, வெயில் இல்லை. மேலே வாழ்ந்து மடியும் உயிர்களின் எச்சமெல்லாம் கீழே இறங்கி அங்கே உரமாய்த் தங்குகின்றது. அந்த உரம் வெயில்படும் மேற்பரப்புக்கு வந்தாலன்றிக் கடலிற் பயிர் விளையாது. கடலின் பயிர் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி. அதனைத் தின்னும் சிற்றுயிர், அதனைத் தின்னும் கூனி, கூனியைத் தின்னும் மீன், மீனை உண்ணும் நாம். இதுவே கடலின் வயலும் விளைவும்.

கீழுள்ள உரத்தை மேலே கொணரும் வேலையைக் காற்றும் நீரோட்டமும் செய்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே இலங்கைக்குக் கிழக்கே கடல் நீர் சுழன்று, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகின்றது என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். கடலடிப் பள்ளத்தாக்குகளுக்கும் இவ்வேலையிற் பங்குண்டு. தட்டையான கடலடியில் ஓடிவரும் நீரோட்டம் பள்ளத்தாக்கின் சுவரிலே மோதும்போது கீழ்நீர் மேலே தள்ளப்படுகின்றது. கரையிலிருந்து விழும் வண்டலும் இலைகுழையும் பள்ளத்தாக்கு வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கு வாழும் உயிர்களுக்கு உணவாகின்றன. உலகத்தின் பல கடல்களிலும் இத்தகைய பள்ளத்தாக்குகள் திமிங்கிலங்கள் கூடும் இடங்களாயிருப்பது இதனாலேயே.

நமது கடலிலும் அவை கூடுகின்றன. உலகத்தில் இதுவரை தோன்றிய உயிர்களிலெல்லாம் மிகப் பெரியதாகிய நீலத் திமிங்கிலம் திருகோணமலைக்கு அப்பால் உலவுகின்றது. அம்பர் என்னும் விலையுயர்ந்த பொருளைக் குடலிலே உண்டாக்கும் பெருந்தலைத் திமிங்கிலமும் கூட்டங்கூட்டமாய் வருகின்றது. பின்னையது ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மூச்சடக்கி, ஆயிரம் மீற்றர் ஆழம் வரை இறங்கிக் கணவாய் பிடித்துண்ணும். வெளிச்சம் எட்டாத அவ்விருளிலே அது சொடுக்குவது போன்ற ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே இரையின் இடத்தை அறிகின்றது. 1980களின் தொடக்கத்திலே ‘துலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலிகளைக் கேட்டு இங்கு ஆராய்ச்சி நடத்தினர். பின்னர் போர் மூண்டது. கிழக்குக் கடல் காவற்படகுகளின் கடலாயிற்று. மீனவனின் வலையோடு விஞ்ஞானியின் கருவியும் கரையேறிற்று. 2009ஆம் ஆண்டுவரை நாம் இழந்தவற்றின் பட்டியலிலே, நமது கடலைப் பற்றிய அறிவையும் சேர்த்து எழுதவேண்டும்.

ஏழு அளவுகோல்கள்

இனி, அந்தப் பத்திரத்துக்கு வருவோம்.

உயிரினப் பல்வகைமை பற்றிய சர்வதேச சமவாயத்திலே இலங்கையும் ஒரு கட்சி. அச்சமவாயத்தின் நாடுகள் 2008ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பொன் நகரில் கூடி, ஒரு கடற்பகுதி முக்கியமானதா என ஆராய்வதற்கு ஏழு அளவுகோல்களை ஏற்றுக்கொண்டன. வேறெங்கும் இல்லாத தனித்தன்மையோ அருமையோ அதற்கு உண்டா? ஈனுதல், வளர்தல், வலசை போதல் முதலிய வாழ்க்கைப் பருவங்களுக்கு அது வேண்டப்படுகின்றதா? அழிவை எதிர்நோக்கும் உயிர்கள் அதனை நம்பி வாழ்கின்றனவா? அது எளிதிற் சிதைந்து, மெதுவாக மட்டுமே மீளக்கூடியதா? அதன் விளைவு வளம் எத்தகையது? அங்குள்ள உயிர்களின் வகை எத்தனை? மனிதர் கையாற் கெடாத இயற்கை நிலை எவ்வளவு எஞ்சியிருக்கின்றது? இவையே அந்த ஏழு கேள்விகள்.

2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, வடகிழக்கு இந்து சமுத்திரத்துக்கான நிபுணர் கூட்டம் கொழும்பிலே நடைபெற்றது. அங்கு ஆராயப்பட்ட பகுதிகளில் மன்னார் வளைகுடாவின் கரையோர, வெளிக்கடற் பகுதி ஒன்று. காலிக்கும் யாலைக்கும் இடைப்பட்ட தென்கடல் இன்னொன்று. திருகோணமலைப் பள்ளத்தாக்கும் அதனைச் சார்ந்த உயிர்ச்சூழலும் மற்றொன்று. 2016 டிசெம்பரில் மெக்சிக்கோவின் கன்கூன் நகரத்து மகாநாட்டிலே அவ்விவரணங்கள் நாடுகளாற் கவனத்துக்கெடுக்கப்பட்டுப் பதிவாயின.

இவ்வேழில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘மெதுவாக மீள்வது’ என்கின்றார்களே, அதன் பொருள் என்ன? நமது பசு ஏறத்தாழ ஒன்பது மாதத்திற் கன்று ஈனும். பெருந்தலைத் திமிங்கிலம் பதினான்கு மாதத்துக்கு மேற் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு நான்கு ஆண்டோ ஆறு ஆண்டோ செல்லும். ஒரு தாயை இழந்தால் அவ்விடத்தை நிரப்ப எத்தனை காலம் வேண்டும்? 1963க்கும் 1966க்கும் இடையிலே சோவியத்துக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. அக்கணக்கை உலகத்துக்கு மறைத்தன. உண்மை வெளிவந்தது 1990களிலே. 1979இலே இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்த நான்காண்டுக் கொலையின் வடு ஆறிவிட்டது என்று இன்றும் எவராலும் உறுதி கூற முடியாது.

அளவை வேறு, உரிமை வேறு

பெருமக்களே! சட்டத்தரணி என்ற முறையில் நான் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம் இனித்தான் வருகின்றது.

நீங்கள் ஒரு காணியை வாங்கப் போகின்றீர்கள். நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்து அளக்கின்றார். நான்கு எல்லையையும் குறிக்கின்றார். கிணறு எங்கே, பனை எத்தனை, வேலி எது என்று படத்திலே காட்டுகின்றார். படம் அழகாயிருக்கின்றது, பிழையும் இல்லை. அப்படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, ‘காணி எனது’ என்று எவரேனும் வழக்காட முடியுமா? முடியாது. அளவைப் படம் உறுதியாகாது. உறுதி வேண்டுமாயின் நொத்தாரிசு வேண்டும், சாட்சிகள் வேண்டும், உரித்துடையோர் அனைவரும் கையொப்பமிடவேண்டும்.

கன்கூனிலே பதிவானதும் அத்தகைய ஓர் அளவைப் படமே. அது விஞ்ஞான, தொழில்நுட்ப முயற்சி மாத்திரம் என்றும், எந்தப் பாதுகாப்பைச் செய்வது என்பது அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பென்றும் அச்சமவாயத்தின் தீர்மானங்களே கூறுகின்றன. அந்தப் பதிவினால் ஒரு வெடிகூட நிற்கவில்லை. ஒரு கப்பல்கூடத் திசை மாறவில்லை. ஒரு மீனவனின் உரிமைகூடக் காக்கப்படவுமில்லை, பறிக்கப்படவுமில்லை.

நமது சட்டப் புத்தகங்களோ பல. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் இருக்கின்றது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் இருக்கின்றது; அதன் கடல் எல்லை வற்றுக் கோட்டிலிருந்து 2 கிலோமீற்றரோடு நின்றுவிடுகின்றது. பள்ளத்தாக்கோ அதற்கு அப்பாலும் நெடுந்தூரம் செல்லுகின்றது. எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் திணைக்களத்தின் கையிலே, எத்தகைய பாதுகாப்பு வரும் என்பது நமக்குச் சிறிய விஷயமன்று. தேசிய பூங்கா என்றால் அனுமதிச் சீட்டின்றி உள்ளே நுழைவதே குற்றம். மீன்பிடி ஒழுங்கு என்றால் காலத்தையும் வலையையும் மட்டும் வரையறுத்து மீனவனை உள்ளே விடலாம். ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு அடங்கியிருக்கின்றது.

சாகோஸ் தந்த பாடம்

விஞ்ஞானிகள் சொன்னால் அரசாங்கம் செய்யட்டும், நாம் ஏன் இடையிலே புகவேண்டும் என்பார் சிலர். அவர்களுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுகளின் கதையைக் கூறவேண்டும்.

1965ஆம் ஆண்டிலே, மொரீசியசுக்குச் சுதந்திரம் அளிக்குமுன், பிரித்தானியா அத்தீவுகளைப் பிரித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1968 தொடக்கம் 1973 வரை, இராணுவத் தளத்தின் பொருட்டு, அங்கு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மக்கள் தீவுகளிலிருந்து அகற்றப்பட்டனர். 2010 ஏப்பிரில் முதலாந் தேதி, அத்தீவுகளைச் சூழ்ந்த பெருங்கடலை, மீன்பிடி முற்றாகத் தடுக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதியாகப் பிரித்தானியா பிரகடனம் செய்தது. அங்குள்ள பவளப் பாறைகள் வளமானவை, காக்கத்தக்கவை என்று விஞ்ஞானிகள் கூறியது பொய்யன்று. மெய்யே. ஆயினும் அக்கடலில் மீன்பிடிக்கும் உரிமையுடைய மொரீசியசோடு முறையாகக் கலந்தாலோசியாமல் அது செய்யப்பட்டது. 2015 மார்ச் 18ஆந் தேதி, கடற்சட்ட சமவாயத்தின் கீழ் அமைந்த நடுத்தீர்ப்பு மன்றம், பிரித்தானியா அச்சமவாயத்தை மீறிவிட்டது எனத் தீர்ப்பளித்தது. 2019 பெப்ரவரி 25ஆந் தேதி, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், அத்தீவுகள் மீதான தன் நிர்வாகத்தைப் பிரித்தானியா கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டுள்ளது என்று தன் ஆலோசனைக் கருத்தைக் கூறிற்று.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் யாது? விஞ்ஞானம் உண்மையாயிருந்தும், அதன்மேற் கட்டப்பட்ட செயல் அநீதியாயிருக்கக்கூடும். பாறை காக்கப்படவேண்டும் என்பது ஒரு நியாயம். மக்களைக் கேட்கவேண்டும் என்பது இன்னொரு நியாயம். முதலாவது நியாயத்தைக் காட்டி இரண்டாவதை விழுங்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

எதிர்ப்பதும் விடையன்று

இதனைக் கேட்டவுடன், ‘அப்படியாயின் எந்தப் பாதுகாப்பும் நமக்கு வேண்டாம், வர்த்தமானி என்றாலே சூழ்ச்சி, எதிர்த்து நிற்போம்’ என்று நண்பர் சிலர் கைதட்டுவர். அவர்களுக்கும் நான் உடன்படேன்.

1978 தொடக்கம் 1980 வரை ‘நான்சன்’ என்னும் ஆராய்ச்சிக் கப்பல் நமது தீவைச் சுற்றி மீன்வளத்தை அளந்தது. அதே பெயர் தாங்கிய புதிய கப்பல், 2018ஆம் ஆண்டிலே நமது நாட்டு நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து மீண்டும் அளந்தது. கூட்டமாய்த் திரியும் மீன்வளம் நாற்பதாண்டில் பெரிதும் குறைந்து காணப்பட்டது. இது கப்பல் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டுமா? கரைவலை இழுக்கும் கிழவரைக் கேளுங்கள். அன்று ஒரு வளைப்பில் ஏறிய சூடையும் கீரியும் இன்று எத்தனை வளைப்பில் ஏறுகின்றன என்று அவரே சொல்லுவார்.

நம்மவர் கையும் சுத்தமன்று. வெடி வைத்து மீன் பிடிப்போர் வேற்று நாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தடைசெய்யப்பட்ட வலையை இரவிலே இறக்குவோர் நமது ஊர்களிலும் உளர். பக்கத்திலே நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவு இருக்கின்றது. 1963இலே சரணாலயம், 2003இலே தேசிய பூங்கா. காகிதத்திலே காவல் பலமானதுதான். ஆயினும் அங்கு செல்லும் உல்லாசப் பிரயாணியின் கால் பவளத்தின்மேல் ஏறுவதை அக்காகிதம் முற்றாகத் தடுத்ததா?

வெளிக்கடலின் ஆபத்து இன்னும் பெரிது. 2020 செப்டெம்பரிலே, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால், ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய் அதன் வயிற்றிலே இருந்தது. அந்த எண்ணெய் கடலிற் கொட்டாமற் போனது நமது நல்வினை. கொட்டியிருந்தால், கிழக்குக் கரையின் வாடிகளிலே அடுப்பு எரிந்திருக்குமா? ஆதலால் இக்கடலுக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

காவல் என்றால் வேலி ஒன்றுதான் என்றும் எண்ணவேண்டாம். தெற்கே தெவிநுவரைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களும் பெருங்கப்பல்களும் ஒரே பாதையிற் செல்லுகின்றன. திமிங்கிலங்கள் கப்பலில் மோதுண்டு இறக்கின்றன. பாதையைச் சிறிது தெற்கே மாற்றினால் போதும் என்று ஆய்வாளர் கணக்கிட்டுக் கூறினர். 2022ஆம் ஆண்டிலே உலகத்தின் மிகப் பெரிய கொள்கலன் கப்பற் கம்பனி தானாகவே தன் கப்பல்களின் பாதையை மாற்றிற்று. எந்த மீனவனின் வலையும் பறிக்கப்படவில்லை. நல்ல அளவை இருந்தால், அவ்வளவு மெல்லிய பாதுகாப்பும் இயலும் என்பதற்கு இது சான்று.

எப்பாவலையின் தீர்ப்பு

அப்படியாயின் வழி என்ன? வழி நமது நாட்டு நீதிமன்றத்திலேயே திறந்து கிடக்கின்றது.

அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையிலே பொசுபேற்றுக் கனிப்பொருளை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு அகழக் கொடுக்க அரசாங்கம் முற்பட்டது. காணியும் கமமும் உடைய அவ்வூரார் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தீர்ப்பு வந்தது. நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் தனியுரிமைக்காரன் அன்று, மக்களின் பொருட்டு அவற்றைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளன் என்னும் கோட்பாட்டை மன்றம் ஏற்றது. அத்தோடு நிற்கவில்லை. முதலில் முழுமையான ஆராய்ச்சி நடத்துக. அதன் முடிவை மக்கள் அறிய வெளியிடுக. அதன் பின்னரே சட்டப்படி அனுமதி பெறுக. அதுவரை ஒப்பந்தம் எதுவும் செய்யாதே எனக் கட்டளையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் பேசும் மொழி வேறாயிருக்கலாம்; அவர்கள் வென்ற நீதி நமக்கும் உரியது. கரையிலே கனிப்பொருளுக்குப் பொருந்தும் அந்த ஒழுங்கு, கடலிலே மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் ஏன் பொருந்தாது?

அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மன்னாரின் விடத்தல்தீவு சாட்சி. கண்டற் காடும் கடற்புல்லும் நிறைந்த அப்பகுதி 2016இலே இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனமாயிற்று. 2024இலே, நீரியல் வளர்ப்புக்காக என்று, அதன் ஒரு பகுதி இன்னொரு வர்த்தமானியால் விடுவிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பேனாவாற் கட்டிய வேலி பேனாவாலேயே பிரிக்கப்படும். மக்கள் நெஞ்சிலே ஊன்றாத எல்லைக்கல் எதுவும் நிலையாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு முதியவர் வந்தார். கடலிலே தடுக்கப்பட்ட பகுதிக்குள் வலை இறக்கினார் என்பது அவர் மேலுள்ள குற்றச்சாட்டு. கையிலிருந்த கடதாசியை நீட்டினார். அது அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. ‘தம்பி, எந்த இடத்திலே கோடு கிடக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. காட்டினால் நான் போகமாட்டேனே’ என்றார். நான் படத்தை எடுத்துக் கோட்டைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பின்பு, ‘அந்தப் பாரிலே ஆனி, ஆடியிலே மீன் சினைக்கு வரும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் அங்கே வலை போடுவதில்லை. என் தகப்பன் காலத்திலிருந்தே வழக்கம்’ என்றார். குற்றம் சாட்டப்பட்டவரிடமே பாதுகாப்பின் அறிவு இருந்தது. கோடு போட்டவர் அவரைக் கேட்கவில்லை. தண்டப்பணத்தைச் செலுத்திவிட்டு அவர் போய்விட்டார். அந்த வழக்கை நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன்.

நாம் செய்யவேண்டுவன

ஆகவே, பெருமக்களே, இன்று உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, பத்திரத்தை நாமே வாசிக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கின்றது. திருகோணமலைப் பள்ளத்தாக்கைப் பற்றி அரசாங்க நிறுவனங்களிடமுள்ள படங்களையும் அறிக்கைகளையும் தமிழிலே கேட்டுப் பெறுவோம். கூட்டுறவுச் சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் அவற்றை வைத்து, ஆசிரியர்கள் வாசித்து விளக்கட்டும்.

இரண்டாவது, நமது அறிவை எழுத்தில் வைக்கவேண்டும். பாரம்பரிய அறிவையும் இவ்வளவைகளிற் சேர்த்துக்கொள்ளுமாறு உயிரினப் பல்வகைமைச் சமவாயத்தின் நாடுகளே தீர்மானித்துள்ளன. எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன், எங்கே எத்திசை நீரோட்டம், எந்நாளில் திமிங்கிலம் தோன்றிற்று, எங்கே வெடிச்சத்தம் கேட்டது என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கொப்பியிலே தேதியோடு எழுதுங்கள். படித்த பிள்ளைகள் எழுதட்டும், முதியோர் சொல்லட்டும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு இன்றும் காணி வழக்கிலே பேசுகின்றது அல்லவா? கடலுக்கும் ஒரு தோம்பு வேண்டும். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு நமது அரசாங்கம் 2024இலே ஓராண்டுத் தடை விதித்ததை அறிவீர்கள். கப்பல் வரலாம், வராமலும் போகலாம். நமது வள்ளம் நாள்தோறும் போகின்றது.

மூன்றாவது, வர்த்தமானிக்கு முன் விசாரணை வேண்டும். எல்லை, காலம், வலை வகை, நட்டமடைவோர்க்கு ஈடு ஆகிய நான்கையும் கரையோர மக்கள் முன்னே, அவர்கள் மொழியிலே வைத்துக் கேட்டபின்னரே எந்தப் பிரகடனமும் வரவேண்டும். இது சலுகை கேட்பதன்று. 2022 டிசெம்பரிலே மொன்றியல் நகரில், 2030க்குள் தரையிலும் கடலிலும் நூற்றுக்கு 30 பங்கைக் காப்பது என நாடுகள் இலக்கு வகுத்தன. அதே வாசகத்திலேயே, பழங்குடிகளினதும் உள்ளூர்ச் சமூகங்களினதும் உரிமைகளை மதிக்கவேண்டும் என்றும் எழுதியுள்ளனர். 30 என்ற எண்ணை மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த வரியை வாசியாமல் விட எவரையும் நாம் அனுமதிக்கலாகாது.

நான்காவது வேண்டுகோள் கமக்காரருக்கு. கடலின் வழக்கு நமக்கு ஏன் என்று ஒதுங்காதீர்கள். மகாவலி இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீரைத் திரட்டுகின்றது. அதில் ஒரு பகுதி நமது கொட்டியாரக் குடாவுக்கு வருகின்றது. மேலே மலையிற் கரைந்த மண்ணும், இடையிலே வயலில் மிஞ்சிய பசளையும் களைநாசினியும் அந்நீரோடு பள்ளத்தாக்கின் தலைமாட்டிலே வந்து இறங்குகின்றன. வரம்புக்குள் நின்று பயன்படவேண்டிய பசளை வரம்பு கடந்தால் உங்களுக்குப் பணநட்டம், மீனவனுக்குக் கடல்நட்டம். வயலில் அளவோடு இடுங்கள். ஆற்றங்கரை மரத்தை வெட்ட விடாதீர்கள். கடலைக் காப்பதில் உங்கள் பங்கு வயல் வரம்பிலே தொடங்குகின்றது.

பெருமக்களே! நமது கடலை அளந்தவர்களுக்கு நான் நன்றி கூறுகின்றேன். அவர்கள் நமக்குப் பகைவர் அல்லர். ஒருவருக்கும் தெரியாமற் கிடந்த செல்வத்துக்கு அவர்கள் படம் வரைந்து தந்தனர். ஆனால் உறுதி இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும் நாளிலே மேசையின் முன் இருப்பவர் யார் என்பதே கேள்வி. நாம் இல்லாமல் எழுதப்பட்டால், கடல் காக்கப்பட்டாலும் நாம் அந்நியராவோம். கடல் காக்கப்படாவிட்டால், நாம் இருந்தும் பிடிக்க மீன் இராது. இவ்விரண்டையும் தவிர்க்கும் ஒரே வழி, அந்த மேசைக்கு நாம் வெறுங்கையோடு செல்லாமல், எழுதிய கொப்பியோடும், வாசித்தறிந்த பத்திரத்தோடும், ஒன்றுபட்ட குரலோடும் செல்வதே.

நாளைக் காலை கடலுக்குப் போகும் சகோதரர்களே, திரும்பி வந்ததும் முதலாவது வரியை எழுதுங்கள். அந்தக் கொப்பியை நீதிமன்றம் வரை சுமந்து செல்லும் பொறுப்பை நான் ஏற்கின்றேன்.